ஜேபெஸ் தூக்கிச் சென்ற வாத்து

1958 ஜனவரி 9 அன்று, இங்கிலாந்தின் வாஷ் கழிமுகத்துச் சேற்றுவெளியில், நான் சுட்டு வீழ்த்திய காட்டு வாத்தை ஜேபெஸ் டட்டன்ஹாம் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டான். என் முறையீடு இவ்வளவே.

இருவரும் ஒரே நேரத்தில் சுட்டோம்; வாத்து ஒன்றுதான் விழுந்தது. ஜேபெஸ் அதைத் தன் இடுப்பு வாரில் கட்டிக்கொண்டான்.

“அது நான் சுட்டது, ஜேபெஸ்.”

“நீங்க சுட்டது மேகத்தை, வாத்தியாரே. நல்லாப் பாருங்க, எங்கயாச்சும் ஓட்டை விழுந்திருக்கும்.”

ஓய்வு பெறும்வரை பள்ளியில் பிழை திருத்தியவன் நான். திருத்தப்படாத பிழையை என்னால் பொறுத்துக்கொள்ள இயலாது. கரைக்குத் திரும்பினேன். அவன் இன்னொரு வாத்துக் கூட்டம் வருமென்று அங்கேயே தங்கினான்.

மூடுபனி இறங்கியது. எங்கள் வேட்டைக்காரரிடையே ஒரு முறை உண்டு. பனி இறங்கினால், முதலில் கரையோரக் கடலணையை அடைந்தவர், கடைசி ஆள் ஏறி வரும்வரை ஊதலை ஊத வேண்டும். கடல்நீர் ஓதமாக ஏறும் சேற்றில் அவ்வொலி ஒன்றே வழிகாட்டி. ஊதினேன். அவன் குரல் நெருங்கி வந்தது.

அப்போது நிறுத்தினேன்.

“வாத்தியாரே, ஊதுங்க! எந்தப் பக்கம்னே தெரியல!”

ஊதலைச் சட்டைப்பையில் போட்டேன்.

“அட, அந்த வாத்துக்காகவா? நீங்களே வச்சுக்கோங்க! தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு!”

வைத்துக்கொள்ளச் சொன்னானேயொழிய, என்னுடையதென்று ஒப்புக்கொள்ளவில்லை. கொடுப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். ஓதம் காத்திருக்கவில்லை.

மறுநாள் நீர் வடிந்தபின் உடல் கிடைத்தது. இறுதிவரை ஊதினேன் என்றேன், எல்லோரும் நம்பினர். அவன் மனைவி ஹெஸ்டர் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

“உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க, ஐயா. இது அவர் இடுப்புல கட்டியிருந்த வாத்து. நீங்கதான் சாப்பிடணும்.”

வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

இறகு பறித்தபோது மார்பில் ரவைகள் தட்டுப்பட்டன. நான் துப்பாக்கியில் பெரிய ரவை இடுபவன். அவை அனைத்தும் சிறியவை, ஜேபெஸ் இடுபவை.

வெட்கத்தால் அன்றுமுதல் ஹெஸ்டரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. எதிரே அவள் வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன். ஊதலை நிறுத்தி அவனைக் கொன்றவன் நானே; மறுக்கவில்லை. ஆயினும் வாசகரே, எனக்குத் தீர்ப்பு வழங்குமுன் இதற்குப் பதில் கூறுங்கள்: அந்த வாத்து உங்களுடையதுதான் என்று, பொய்யாகவேனும், அவன் ஒரு முறை சொல்லியிருக்கலாகாதா?