தேசிமரத்தடி

சுன்னாகத்தில் மண்ணெண்ணெய் வரிசை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தனியாளாக மூன்று கடை கட்டியவன் நான். எதை எங்கே வைத்தேன் என்பது எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை. அதனால் எனக்கு முன்னால் நின்றவர் மனைவியிடம் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது.

“ஷெல்லடிக்கு ஓடேக்கை நகையைத் தாட்ட இடம் நல்ல ஞாபகம். ஆனா அங்கை நகை இல்லை.”

“தேசிமரத்தடியை மூண்டு தரம் கிண்டியாச்சு. வாற கிழமை பிள்ளையை வெறுங்கழுத்தோடையே மணவறையிலை இருத்துறது?”

“அகதியா இருந்த பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் தேசிமரம் எண்டுதானே சொன்னனான்.”

“ஊருக்கெல்லாம் ஏன் சொன்னனீங்கள்?”

“கள்ளர் அங்கை போய்க் கிண்டட்டும் எண்டு...” அவர் திகைத்து நின்றார். “ஐயோ, அது பொய்யப்பா! சொல்லிச் சொல்லி நானே நம்பிப்போட்டன்.”

“அப்ப மெய்யா எங்கை?”

“ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்கும்தான்.”

“நல்ல கெட்டிக்காரன். சரி, மரத்தை விடுங்கோ. தாட்ட அண்டைக்குக் கிண்டேக்கை மூக்கிலை என்ன மணத்தது?”

அவர் கண்ணை மூடினார். வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை.

“மாட்டு மூத்திரம்.”

“கொட்டிலடி! சைக்கிளை எடுங்கோ!”

எண்ணெய்க் கானை வரிசையிலேயே விட்டுவிட்டு இருவரும் பறந்தார்கள். என் முறை வரும்வரை அதையும் காலால் தள்ளிக்கொண்டே போனேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், எங்கள் நகையை நான் புதைத்த இடத்தைக் காட்டினேன்.