வீட்டுக்காரருக்கு எதிராகத் தூக்கிய கை

பெண்ணாடம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். செராமிக் கம்பெனி வேலை முடிந்து வருகிறார்கள். முழங்கை வரை வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் செல்போனை உள்ளே வைத்தேன்.

“கிராம சபையில எங்க வூட்டுக்காரருக்கு எதிரா கை தூக்கிட்டேன்.”

“ஐயையோ! எதுக்குக்கா?”

“எங்க ஊருக்குப் புது ஹைஸ்கூலு வருது. அத காலனி பக்கம் கட்டப்போறாங்க. எங்க தெருவுலதான் கட்டணும்னு ஆளு சேத்ததே அவருதான்.”

“அவரு கேக்குறதும் நியாயந்தானே? உங்க புள்ளைங்க அவ்ளோ தூரம் நடக்கணுமே.”

“எங்க புள்ளைங்களுக்குத் தெருமுனையில பஸ்ஸு நிக்குது, டவுனுக்குப் போயி படிக்குதுங்க. காலனியில எட்டாவது முடிச்ச பொண்ணுங்க கரும்புக் காட்டுக்குப் போவுதுங்க. எழுந்து நின்னு அதச் சொன்னேன்.”

“உங்க தெருவுல வேற யாரு தூக்குனாங்க?”

“நான் ஒருத்திதான்.”

இளையவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கெல்லாம் அந்தத் தைரியம் வராதுக்கா. மாமா என்ன சொன்னாரு?”

“ஒரு வாரம் பேசல. அப்புறம் ஒருநாளு காலனிப் பக்கம் போயிட்டு வந்தாரு. என்னன்னு நான் கேக்கல. நேத்து இடம் அளக்க ஆபீசருங்க வந்தாங்க. அங்க போயி நிக்கிறாரு.”

“மறுபடியும் தகராறா?”

“ஆமா. பொண்ணுங்களுக்கு கக்கூசு பிளான்ல எங்க இருக்குதுன்னு கேட்டு, அவங்கள வுடவே இல்லியாம்.”