கள்ளில் ஊறிய வைஸ்

கரவெட்டிச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்குப் பின்னால் நின்றவர் சொன்னார்: "ஆறு நாள் புளிச்ச கள்ளுக்குள்ளை கிடந்துதான் அது வாயைத் திறந்தது."

"ஆர் அண்ணை?" என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்.

"என்ரை பட்டறை வைஸ், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சாமான். ஷெல் விழத் தொடங்க, கழட்டிக் கிணத்துக்குள்ளை இறக்கிப்போட்டு ஓடினனாங்கள். திரும்பி வந்து தூக்கினா முழுக்கக் கறள். பிடி அசையேல்லை."

"மண்ணெண்ணெய் ஊத்தியிருக்கலாமே?"

"விளக்குக்கே இல்லை, கறளுக்கு எங்கை போறது? அதுதான் கள்ளு. பிறகு தேங்காய்ப் பொச்சாலை தேய்க்க, வார்ப்பிரும்பு புதுசு மாதிரிக் கறுப்பா வந்துது. பிடியைச் சுத்தினன், வாய் விட்டுது. உள்ளுக்கை ஒரு பூட்டுத் திறப்பு!"

"திறப்போ?"

"ஓம். முன்வீட்டு ரீச்சருக்கு அராவிக்கொண்டிருந்தனான். ஓடின அந்தரத்திலை மறந்தே போனன். பித்தளை எண்டபடியா ஒண்டும் ஆகேல்லை. பிசிறை எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்தன். அவவின்ரை பழைய திறப்பும் இடம்பெயர்ந்த இடத்திலை துலைஞ்சு போச்சாம்."

"அவவின்ரை வீடு தரைமட்டம் எல்லே?"

"முன்கதவும் நிலையும் மட்டும் நிக்குது. போட்ட பூட்டு அப்பிடியே தொங்குது. ரெண்டு பக்கமும் சுவர் இல்லை. மனுசி சுத்திப் போகேல்லை. செருப்பைக் கழட்டிப்போட்டுப் பூட்டைத் திறந்து, கதவாலைதான் உள்ளுக்குப் போனா."

வரிசை நகர்ந்தது. அவர்கள் போத்தல்களைத் தூக்கவில்லை.

"பிறகு, அண்ணை?"

"பிறகென்ன, திரும்பிக் கதவைச் சாத்தினா."