ஏழாம் ஆணி

கரிசல்காட்டுக்காரனுக்குப் படகு எதற்கு என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், ஐயா. என் வீட்டிலேயே கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். கோவில்பட்டியில் குடிதண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்த ஜனங்கள் நாங்கள். எங்கள் ஓடைகளில் மழை பெய்த மறுநாள் தண்ணீர் ஓடும், அதற்கு மறுநாள் ஆடு ஓடும். கையில் நாலு காசு சேர்ந்ததும் சிலர் கொடைக்கானலில் வீடு வாங்கினார்கள். நாங்கள் படகு வாங்கினோம்.

பெரிய படகு ஒன்றுமில்லை. கூரை போட்ட சின்ன ஃபைபர் படகுகள். நாலு பேர் உட்காரலாம், இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம், ஓரமாக அடுப்பு வைத்துக் காப்பி போடலாம். ஆத்தூருக்குக் கிழக்கே, தாமிரபரணி கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு வாழைத்தோப்பை ஒட்டிக் கொட்டகை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறோம். என்னைப் போலத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர்கள், பருத்தி வியாபாரிகள், உளுந்து பாசிப்பயறு கமிஷன் மண்டிக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர். வருஷா வருஷம் பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே கூடுவோம். பெண்கள் கரையில் ஆற அமர உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் படகை எடுத்துக்கொண்டு கடல் வாய் வரை போய்வருவோம். செயலாளர் நான். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, பொறுப்பை எடுத்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை.

மேஜையில் அந்த இரண்டு பித்தளை வில்லைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் ஏழு என்றுதான் அடித்திருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

கொட்டகை வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு படகுக்காரருக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை வில்லை, டோக்கன் என்போம். ஆற்றில் இறங்கும்போது உங்கள் டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கரையேறியதும் திரும்ப மாட்டிவிட வேண்டும். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் ஆற்றில் இருக்கிறான், தேடிப் போக வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் வந்துவிட்டான், தேட வேண்டாம். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற ஏற்பாடு.

அது எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் வழக்கம். பல வருஷத்துக்கு முந்தி, குச்சிக்கு மருந்து முக்குகிற கொட்டகையில் ஒரு நாள் தீப்பிடித்தது. வேலையாட்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் டோக்கனை வாங்கி மாட்டினேன். வள்ளிமயில் என்ற பெண்ணின் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. ஃபோர்மன் கொம்பையா ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அவளைத் தேடி உள்ளே போனார். வள்ளிமயில் அந்த நேரம் வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். டோக்கனை முந்தியில் முடிந்தபடியே மறந்து போய்விட்டாள். கொம்பையா திரும்பி வரவில்லை. ஒருவர் டோக்கனை மாட்ட மறந்தால் இன்னொருவர் சாகிறார். அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது அதுதான்.

நான் உள்ளே போகவில்லை. யாராவது ஒருவர் பலகையோடு வெளியே நிற்க வேண்டும் அல்லவா.

இப்போது அழகிரிசாமியைப் பற்றி. இடைசெவல்காரன், பருத்தி வியாபாரி, பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். நல்ல மனுஷன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வாய் மட்டும் ஓயாது. கிணற்றில் நீச்சல் பழகியவன் என்பதால் ஆற்றையும் கிணறு மாதிரியே நினைப்பான். லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குவான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டோக்கனை மாட்டாமல் தோப்புக்குள் போய் இலையை விரித்துப் படுத்துக்கொண்டான். நாங்கள் ஆற்றைக் கலக்கித் தேடினோம். நான் குரல் கம்மிப்போகிற வரை கத்தினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றவன் சிரித்தான். "தீப்பெட்டி ஆபீஸ்ல பொம்பளைகள எண்ணுத மாதிரி எங்களயும் எண்ணுதான் குருசாமி" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவர்கள் டோக்கனை மாட்டும்போது ஒரு கேலியோடுதான் மாட்டினார்கள். ஒரு ஏற்பாடு கெட்டுப்போவதற்கு அது போதும்.

இந்த வருஷம் மத்தியானம் ஆற்று நடுவில் ஒரு மணல் திட்டில் படகுகளைக் கட்டிவிட்டுச் சாப்பிட்டோம். எங்களில் வயசில் சின்னவன் மணிகண்டபிரபு, புதிதாகச் சேர்ந்தவன். "அண்ணாச்சி, இந்த டோக்கன் ஏற்பாடு எங்கன இருந்து வந்துச்சு?" என்று மரியாதையாகக் கேட்டான். நான் கொம்பையா கதையைச் சொன்னேன். மீனைக் கையில் வைத்துக்கொண்டு அழகிரிசாமி கேட்டுக்கொண்டே இருந்தான். தீப்பிடித்த அன்று அவன் ஏதோ பேச எங்கள் ஆபீஸுக்கு வந்திருந்தான். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏலே குருசாமி, சொல்லுததை முழுசாச் சொல்லு" என்றான். "கொம்பையா தானாவா உள்ள போனான்? வேண்டாம் மொதலாளி, பத்திக்கிட்டு எரியுதுன்னு அவன் பின்வாங்குனான். நீதான முதுகுல கையை வச்சுத் தள்ளுன. நான் கண்ணால பாத்தேன்டே."

யாரும் சிரிக்கவில்லை. மணிகண்டபிரபு தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அழகிரிசாமிக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "சரி விடு, பழைய கதை" என்று என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போனான். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். மிச்சச் சோற்றையும் சாப்பிட்டுத்தான் எழுந்தேன்.

திரும்பும்போது எல்லாப் படகையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வருவது என் வழக்கம். வழியில் ஆற்றிலிருந்து ஒரு கிளை பிரிந்து வேலிக்கருவைக்குள் போகும். அங்கிருந்து விசில் சத்தம் கேட்டது. படகுக்கு ஒரு விசில் என்று வாங்கிக் கொடுத்ததும் நான்தான். உள்ளே போய்ப் பார்த்தேன். அழகிரிசாமியின் படகு சாய்ந்து, தண்ணீருக்குள் கிடந்த ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அதைத் தள்ளிவிட இறங்கியிருக்கிறான், கால் படகுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நல்ல நேரத்துல வந்தடே" என்றான். "போனு தண்ணிக்குள்ள போயிருச்சு. கயித்தைக் கட்டிப் படகை ஒரு இழு இழுத்தா காலை உருவிருவேன்."

"தனியா இழுக்க ஏலாது. ஆள் கூட்டிட்டு வாரேன்."

"சீக்கிரம் வா. தண்ணி ஏறுது பாரு."

சாயங்காலம் கடல் ஏறினால் அந்த இடத்தில் ஆறும் ஏறும். மீன்காரர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை எல்லாருக்கும் பல தடவை சொல்லியிருக்கிறேன். "டோக்கன் எங்க?" என்று கேட்டேன். அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "பத்திரமா இருக்கு, செயலாளரே" என்றான்.

என் படகில் கயிறு இருந்தது. அதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், நான் மறைக்க ஒன்றுமில்லை. என் இன்ஜினே அந்தப் படகை இழுத்திருக்கும்.

கொஞ்ச நேரம் அவன் அங்கே நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன். காத்திருப்பது என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியட்டும். ஒரு அரை மணி நேரம். அதற்குமேல் என் மனதில் எள்ளளவும் இல்லை. எங்கள் ஆபீஸில் எல்லா டோக்கனுக்கும் ஒரு ஜோடி அடித்து வைப்போம், தொலைப்பவர்கள் தொலைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். படகு டோக்கன்களுக்கும் ஒரு ஜோடி என் பையில் இருந்தது. கரைக்கு வந்து என் டோக்கனை மாட்டிவிட்டுப் பலகையைப் பார்த்தேன். ஏழாம் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. என்னையறியாமல் கை போய் அதில் மாட்டிவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது அவ்வளவு சரியில்லை. ஆற்றிலேயே அதைத் தேடி எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தேன். கரை சேரும்போது வில்லை சூடாகியிருந்தது.

அழகிரிசாமியின் மனைவி பானு பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, அவிய வந்துட்டாவளா? போனை எடுக்க மாட்டேங்காவ" என்றாள்.

"டோக்கன் தொங்குதும்மா, பாருங்க" என்றேன். "இன்ஜின் கோளாறு. படகை மீன்காரங்க துறையில விட்டுட்டு, டோக்கனை என்கிட்ட குடுத்துட்டு ஆத்தூருக்கு மெக்கானிக்கைப் பாக்கப் போயிருக்கான். பஸ்ல வந்துருவான், நீங்க வேன்ல போங்க."

அவள் பலகையைப் பார்த்தாள். முகம் தெளிந்துவிட்டது. நான் சொன்னதைவிட அந்த டோக்கனைத்தான் அவள் நம்பினாள். அதைப் பார்த்தபோது எனக்கு நிறைவாக இருந்தது என்றால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தனை வருஷக் கேலிக்குப் பிறகு ஒருத்தியாவது என் பலகையை நம்பினாளே.

படகுகளுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருக்கும்போது மணிகண்டபிரபு நிமிர்ந்து பார்த்தான். "அண்ணாச்சி, விசில் சத்தம் மாதிரி கேக்கு" என்றான். நானும் காது கொடுத்தேன். நன்றாகக் கேட்டது. விட்டு விட்டு, ஆனால் ஒழுங்காக, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே மூன்று மூன்றாக ஊதினான்.

"பறவையா இருக்கும். பலகையைப் பாத்துக்கோயேன்" என்றேன்.

அவன் பலகைக்குப் போனான். ஒவ்வொரு டோக்கனாக விரலால் தொட்டு எண்ணினான். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் தார்ப்பாயைக் கட்ட வந்துவிட்டான். கெட்டிக்காரப் பையன். ஒரு ஏற்பாட்டை எப்படி மதிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அரை மணி நேரம் ஆகிவிட்டது. நான் போகத்தான் எழுந்தேன், ஐயா. படகுக்கயிற்றை அவிழ்த்துக் கையில்கூடப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் ஒன்று புத்தியில் உறைத்தது. அழகிரிசாமி நனைந்துபோய்க் கரையேறி, தன் பையிலிருந்து ஏழாம் நம்பரை எடுத்து மாட்டப் போவான். அங்கே ஏற்கெனவே ஒரு ஏழு தொங்கும். எல்லார் முன்னாலும் அவன் சும்மா விடுவானா? அவன் ஆற்றில் இருக்கும்போதே வந்துவிட்டான் என்று பலகை சொல்லியிருக்கிறது என்றால், அதற்குப் பிறகு யார் அதை நம்புவார்கள்? அடுத்த வருஷம் யார் டோக்கன் எடுப்பார்கள்? நாளைக்கு யாராவது நிஜமாகவே ஆற்றில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது?

ஏழாம் டோக்கனைக் கழற்றிவிட்டுப் போயிருக்கலாமே என்கிறீர்கள். மணிகண்டபிரபு எண்ணிவிட்டானே. பானு பார்த்துவிட்டாளே.

கயிற்றைத் திரும்பக் கட்டினேன். எல்லாரையும் வேன்களில் ஏற்றி அனுப்பிவிட்டு, அடுப்பில் தணல் இருக்கிறதா என்று பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன். விசில் சத்தம் அதற்குள் மூன்று மூன்றாக வருவது நின்று, ஒற்றையாக வந்தது. அப்புறம் வரவில்லை. கொட்டகையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆமாம், நான்தான் அவனைச் சாகவிட்டேன். தள்ளிவிடவில்லை, அமுக்கவில்லை, என் கை அவன்மேல் படவே இல்லை. ஆனால் அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே அவனுடைய டோக்கனை மாட்டினேன். கொம்பையாவின் முதுகில் கை வைத்ததும் உண்மைதான். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மறுநாள் மீன்காரர்கள் அவனைக் கொண்டுவந்து போட்டபோது பானு என்னைத் திட்டவில்லை. அப்போது அவளுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "டோக்கன் தொங்குச்சே அண்ணாச்சி, நானே பாத்தேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அவள் அழுததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவனுடைய சட்டைப் பையிலிருந்து இன்னொரு ஏழாம் நம்பரை நீங்கள் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். சாட்சிக்கு ஒரு வில்லை போதும் என்றால் இன்னொன்றை யாரிடமாவது கொடுத்தனுப்பிப் பலகையில் மாட்டச் சொல்லுங்கள். ஏழாம் ஆணி வெறுமையாகக் கிடக்கிறது. பார்ப்பவர்கள் யாரோ இன்னும் ஆற்றில் இருப்பதாக நினைத்துத் தேடப் போய்விடுவார்கள்.