மூன்று நாள் நீலம்

அன்புள்ள நம்பிராஜன் அண்ணாச்சிக்கு, சொரிமுத்து எழுதுவது.

அன்று தாராவியில் உங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நீங்கள் மாடிக்கு ஏறும் இரும்பு ஏணிக்குப் பக்கத்து நாற்காலியில். சண்முகவடிவு மதினி அடுப்படியில். கல் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் நான் வாசற்படியில்.

நீலக்கல் ட்யூப்லைட்டில் மைத்துளி போல இருண்டு கிடக்கும். வாசல் வெளிச்சத்தில்தான் விழித்துக்கொள்ளும். மதினி எட்டிப் பார்த்தார்.

“என்ன கொழுந்தனாரே, கேஸ் தீ மாதிரில்லா இருக்கு. இத வச்சே சோறு பொங்கிரலாமா?”

“சும்ம கெட, வடிவு. சனி பகவான் காதுல விழுந்துரப் போவுது” என்றீர்கள்.

ஏழரைச் சனிக்கு நீலம் போடும்படி ஜோசியர் சொல்லியிருந்தார். மோதிரத்தில் பதிக்குமுன் மூன்று நாள் நீலத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைக்க வேண்டும். கெட்டது ஏதும் நடந்தால் விற்றவனிடமே திருப்பிவிட வேண்டும். விற்றவன் நான்.

இருபது வருடமாகக் கல் பதிக்கிறேன். இப்படி ஒன்று கைக்கு வந்ததில்லை. உள்ளே மெல்லிய இழை ஒன்று, திருப்பினால் நகரும். உங்களிடம் கொடுத்துவிட்டு வந்தபின் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. திருப்பிக் கேட்டிருக்கலாம். கொடுத்ததைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை வந்தேன். கதவு திறந்திருந்தது, நீங்கள் இருவரும் மாடியில். ஏணியின் காலைத் தரையோடு பிடித்திருந்த இரண்டு நட்டுகளையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “அண்ணாச்சி” என்று கூப்பிட்டேன். உங்களுக்குக் கால் சுளுக்கினால் போதும் என்பதுதான் என் நினைப்பு.

“இருங்க கொழுந்தனாரே, டீ போடுதேன்” என்று மதினி முந்திக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பீர்களே என்று நிறுத்திக்கொண்டேன். மதினி ஏணியில் கால் வைத்தார்.

மதினியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று துணி முடிச்சை என் கையில் வைத்தீர்கள். “இந்தக் கல்ல வீட்டுக்குள்ள ஏத்துனது நாந்தாம்ல. அவளக் கொன்னது நாந்தான்.”

நெருளில் மகள் வீட்டில் இன்னும் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறீர்களாம். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் கொல்லவில்லை, அண்ணாச்சி. கல்லும் கொல்லவில்லை. அது ராசியான கல். கொன்றது நான்.

போலீசில் காட்டுவதற்காக நட்டுகள் இரண்டையும் காகிதத்தில் சுற்றி இதனுடன் வைத்திருக்கிறேன். இனி உறையை ஒட்டி, வடாலாவில் பதிவுத் தபாலில் சேர்த்துவிடுவேன். கல்லை மட்டும் வைக்கவில்லை. வழியில் அது தொலைந்துபோனால் நீங்கள் தாங்கமாட்டீர்கள்.