பேர் வெட்ட வந்தவரிடம்

உளியக் கீழ வைங்க தம்பி, டீ ஆறிடப் போகுது. ஒரு பேர் வெட்டத்தானே வந்திருக்கீங்க, கல்லு எங்க ஓடிடப் போகுது? எங்க நெதர்ஹோம் முப்பது வீடுதான். ஆனா சரித்திரத்துக்குக் கொறச்சல் இல்ல.

அந்தச் சர்ச் கதவுல கோடு கோடா இருக்கே, ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை நடந்தப்ப சிப்பாய்ங்க வாள் தீட்டினது. முந்நூத்தம்பது வருஷமா யாரும் தேச்சு அழிக்கல. பாதிரியார் அதப் பாரம்பரியம்பாரு. நான் சோம்பேறித்தனம்பேன்.

மழையா? வராது. உக்காருங்க.

இந்தா பாருங்க, யுத்தத்துல செத்தவங்க வரிசையில ஏழாவது பேர், ஆல்பர்ட் டஃபின். முதல் யுத்தத்துல செத்துட்டார்னு தந்தி வந்துது, கல்லுல பேர வெட்டிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு மனுஷன் பையத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷன்லருந்து நடந்து வரார்! பிரான்ஸ்ல ஏதோ ஆஸ்பத்திரியில, தன் பேரே தெரியாம கெடந்தாராம். அவங்கம்மா கதவத் தெறந்து, பூட்ஸத் தொடைச்சுட்டு உள்ள வான்னாங்களாம். பேர எடுக்கலாம்னா, வெட்டினவன் அவ்வளவு ஆழமா வெட்டியிருக்கான், எடுத்தா கல்லே பாழு. விட்டுட்டாங்க. அப்புறம் நாப்பது வருஷம், ஒவ்வொரு நவம்பரும் செத்தவங்க நினைவா இங்க பூ வளையம் வெக்கறப்ப, தன் பேருக்கு முன்னாடி தானே தொப்பியக் கழட்டிட்டு நிப்பார். சின்னப் பிள்ளைங்க நாங்க சிரிப்போம். இப்ப சிரிப்பு வரதில்ல.

ஆமா, நீங்க வெட்ட வேண்டியது கீழ, தனியா. ஃபாக்லாந்து தீவுச் சண்டைக்குப் போன பையன். கப்பலோட மூழ்கிட்டான், உடம்பு கெடைக்கல. ஏன் பன்னெண்டு வருஷம் காலியா விட்டோம்னா, வீட்டுக்காரங்க கையெழுத்துப் போடாம இங்க பேர் வெட்டறதில்ல. ஆல்பர்ட் திரும்பி வந்தப்புறம் ஊர் வெச்ச வழக்கம் அது. அம்மாக்காரி மாட்டேன்னுட்டா. பாதிரியார் கேட்டாரு. அவ புருஷனும் சாகறப்பக் கேட்டாரு. பிடிவாதக்காரி, முகத்துல அடிச்ச மாதிரி கதவச் சாத்திட்டா.

போன வாரந்தான் போட்டா. எழுபது வயசாச்சு, டாக்டரும் கைய விரிச்சுட்டாரு. அவளும் போயிட்டா அவன் பேரச் சொல்ல ஒருத்தரும் இல்லன்னு அப்பத்தான் உறைச்சுது. ரொம்ப அழுதா.

சரி, எழுந்திருங்க. கிளைவ் ஹேவர்ட். தப்பில்லாமத்தான் எழுதிக் குடுத்திருக்கேன், பெத்துப் பேர் வெச்சதே நாந்தானே.

தம்பி... மேலாக்க வெட்டுங்க, என்ன? ரொம்ப ஆழம் வேண்டாம்.