எழுந்து நின்று சொன்ன பெயர்

தங்கச்சி தேவகனிக்கு,

தேர்தல் அன்றைக்கு மெஸ்ஸில் யார் யார் இருந்தார்கள் என்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். ஃபர்வானியாவில் எங்கள் கம்பெனிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் மெஸ். வாசல் பக்கத்து பெஞ்சில் சோலையப்பனும் அவன் ரூம் ஆட்களும். ஜன்னல் பக்கம் உங்கள் வீட்டுக்காரர் இஸ்ரவேல், அவரை ஒட்டி அவர் கூட்டாளி ஆல்டோ, பின்னால் வெல்டிங் ஆட்கள் எல்லோரும். நடுவில் மேசை போட்டு நான். சமையல்கட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எங்களை மேய்க்கக் கம்பெனி வைத்திருக்கும் கேம்ப் பாஸ் அனந்தகிருஷ்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்று சாளைக் குழம்பு. புளி பத்தாது என்று இஸ்ரவேல் சொன்னார்.

தேர்தல் எதற்கென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெயில் மாதங்களில் மத்தியானம் வெளியில் வேலை வாங்கக் கூடாதென்பது இந்த அரபு நாட்டுச் சட்டம். எங்கள் சைட்டில் வாங்கினார்கள். கூட்டமாக வராதீர்கள், ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துப் பேச அனுப்புங்கள் என்றது ஆபீஸ். அதுவரை எல்லோருக்காகவும் மனு எழுதியது நான்தான். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருக்காது.

ஒருநாள் எல்லோரும் சாப்பிடும்போது இஸ்ரவேல் கேட்டார். “அண்ணாச்சி, இத்தன வருசமா எழுதுறீயளே, ஒரு மனுவுக்காவது பதில் வந்துருக்கா?”

“கையெழுத்து நல்லாருக்குன்னு ஃப்ரேம் போட்டு மாட்டிருப்பானுவ” என்றான் ஆல்டோ.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நானும் சிரித்தேன். பதில் வந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் நான் மனு எழுதிய வருடங்களில் யாரும் சாகவில்லை. இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

கேம்ப் பாஸுக்கு வேண்டிய சோலையப்பனும், இஸ்ரவேலும் நின்றார்கள். நான் தேர்தல் அதிகாரி. முதல் தடவை சீட்டில் பெயர் எழுதி அண்டாவில் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஆட்களைவிடச் சீட்டு அதிகம். இவர்கள் அவர்களைச் சொல்ல, அவர்கள் இவர்களைச் சொல்ல, பெஞ்சைத் தூக்கும் அளவுக்குப் போய்விட்டது. தேர்தல் செல்லாது என்று அறிவித்தேன்.

அப்போதுதான் எங்கள் சரித்திர வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னால் வெள்ளைக்காரனின் சொந்த நாட்டிலேயே பார்லிமென்ட் தேர்தலுக்குச் சீட்டு கிடையாதாம். வாக்காளன் சபை நடுவே எழுந்து நின்று வாயால் பெயரைச் சொல்ல வேண்டும், எழுத்தர் எழுதிக்கொள்வார். அதிலும் தகராறு உண்டு, ஆனால் கள்ளச்சீட்டு இல்லை. இதை ஆட்களிடம் விளக்கினேன். எல்லோருக்கும் சரியென்று பட்டது. “ஒளிச்சு வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?” என்று இஸ்ரவேலே முதலில் ஒத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரரும் வந்து உட்கார்ந்து, தன் குடியானவன் யார் பெயரைச் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டிருப்பார் என்பதும் வாத்தியார் சொன்னதுதான். அதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். சமையல்கட்டு வாசலைப் பார்த்ததும் பலருக்குக் குரல் இறங்கிவிட்டது. ஆல்டோ தரையைப் பார்த்துக்கொண்டு சோலையப்பன் பெயரைச் சொன்னான். இஸ்ரவேல் அவன் முதுகில் தட்டினார். “இருக்கட்டும்ல, ஒக்காரு.” வெல்டிங் ஆட்களில் மற்றவர்கள் மாறவில்லை. அப்படியும் இஸ்ரவேலே ஜெயித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் கேம்ப் பாஸ் என்னைக் கூப்பிட்டார். பாலைவனத்துக்குள் சால்மி ரோட்டில் பைப்லைன் சைட்டுக்கு ஆள் வேண்டும். அங்கே நிழல் கிடையாது, மத்தியானமும் வேலை உண்டு. யாரை அனுப்புவதென்று அவர் என்னிடம் கேட்கவில்லை, யார் யார் இஸ்ரவேல் பெயரைச் சொன்னார்கள் என்றுதான் காதால் கேட்டிருந்தாரே. இஸ்ரவேலை மட்டும் விட்டுவிடலாம் என்றார். நல்ல வெல்டர், இங்கேயே தேவைப்படும் என்றார்.

நான் சொன்னேன். “ஆளுகெல்லாம் அங்க கெடக்கும்போது தலைவர் மட்டும் இங்க இருந்தா நல்லாருக்குமா சார்?”

அவருக்கு அந்த சைட்டை யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டு அழுதீர்கள். இதுதான் பதில்.

போகும்போது பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “வந்ததும் ஆபீசுக்குப் போவம் அண்ணாச்சி. மனுவ எழுதிக் கையில வச்சிருங்க” என்றார். கிண்டலா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மனு எழுதித்தான் வைத்திருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் குழிக்குள் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பேப்பரில் மாரடைப்பு என்று போட்டிருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் வெயில் என்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி.

விட்டுப்போகக் கூடாதென்பதால் இன்னும் இரண்டு விஷயம். அண்டாவில் கூடுதலாக இருந்த சீட்டுகள் நான் போட்டவை. சீட்டு என்றால் அவர்தான் ஜெயிப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கேம்ப் பாஸை டீ குடிக்க வாருங்கள் என்று அழைத்ததும், நாற்காலியை அந்த இடத்தில் போட்டதும் நான்தான். மற்றபடி எல்லாம் முறைப்படி நடந்தது. யார் வாயிலிருந்தும் நான் எதையும் பிடுங்கவில்லை.

பிரதிநிதி இடம் இப்போது காலி. வருகிற வெள்ளிக்கிழமை மறுதேர்தல், அதே முறையில். இந்தத் தடவை என்னை நிற்கச் சொல்கிறார்கள். எதிர்த்து நிற்க ஒருவரும் முன்வரவில்லை. ஆட்களுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆல்டோ லீவில் ஊருக்கு வருகிறான், டாக்ஸி கீழே நிற்கிறது. உங்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறான். நீ ஒரு தப்பும் பண்ணவில்லை என்று நீங்கள் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கவரை ஒட்டி அவன் கையில் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணாச்சி,
ரெங்கராஜ்